தண்ணீர் நின்றுபோன கங்கை

அணுபுரத்திலிருந்து மாமல்லபுரத்துக்கு இரண்டு வழி உண்டு. திருக்கழுக்குன்றம் போய்க் கிழக்கே திரும்பலாம். கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே போகலாம். கடலோர வழியே போவோம் என்றார் நண்பர். அணுபுரம், கல்பாக்கத்து அணுசக்தித் துறை ஊழியர்களுக்காக எழுந்த குடியிருப்பு. நண்பர் அங்கே வசிப்பவர், கருவியியல் பிரிவில் வேலை. வேலை போக மிஞ்சும் நேரமெல்லாம் ஒலிப்பதிவுக்குத்தான். பையில் கேமரா கிடையாது. கடுகளவு மைக் இரண்டு, ஒரு பதிவுக் கருவி, காதை முழுக்க மூடும் ஹெட்போன் இரண்டு.

கலைக்கூடங்களில் ஒலியும் காணொளியும் பார்வையாளருக்கு உண்மையில் எவ்வளவு உதவுகின்றன என்று சில காலமாக விசாரித்துக்கொண்டிருந்தேன். பாரிஸ், லண்டன் என்று நான் அடுக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் சார். முதல்ல நம்ம தபசுப் பாறை முன்னாடி வந்து நில்லுங்க."

காலையிலேயே போய்விட வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். தபசுப் பாறை, மாமல்லபுரத்தின் பெரும் புடைப்புச் சிற்பம், கிழக்கு பார்த்தது. மதியத்துக்கு மேல் பாறை நிழலுக்குள் போய்விடும். ஏறத்தாழ 90 அடி நீளம், 40 அடிக்கு மேல் உயரம். அர்ச்சுனன் தபசு என்பார்கள் சிலர், பகீரதன் தவம் என்பார்கள் சிலர். அந்த வழக்கைத் தீர்க்க நாங்கள் போகவில்லை. எங்களுக்கு வேண்டியது நடுவிலுள்ள பிளவு. இரண்டு பெரும் பாறைகளுக்கு இடையே மேலிருந்து கீழ் வரை இயற்கையாகவே அமைந்த வெடிப்பு அது. கங்கையாகக் கருதப்படும் அந்தப் பிளவில்தான் நாகராசனும் நாகினியும் கைகூப்பியபடி மேலேறுகிறார்கள். பாறையின் உச்சியில் நீர் தேக்கி வைத்த தடயங்கள் இருக்கின்றன. விழா நாட்களில் அங்கிருந்து இந்தப் பிளவு வழியே தண்ணீரை இறக்கியிருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

இதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் செய்து வைத்தது சும்மா நிற்கும் கல்லை மட்டும் அல்ல. தண்ணீர் இறங்குகிறது, அதன் இரைச்சல் கேட்கிறது, ஈரத்தில் நாகங்களின் உடல் பளபளக்கிறது, சாரல் முகத்தில் படுகிறது. இன்று உலகத்துக் கலைக்கூடங்கள் புரொஜெக்டரும் ஒலிபெருக்கியும் வைத்துத் தேடுகிற அனுபவம் இங்கே வெட்டவெளியில் இருந்திருக்கிறது. பிறகு தண்ணீர் நின்றுபோனது. நாம் பார்ப்பது பாதி நிறுத்தப்பட்ட ஒரு கலைப்படைப்பு.

நண்பர் ஹெட்போனைக் கொடுத்தார். கடந்த வடகிழக்குப் பருவமழையில், பின்னாலுள்ள குன்றிலிருந்து மழைநீர் பாறை வழியாக வழிந்தபோது பதிவு செய்தது. மைக்குகளைத் தன் இரண்டு காதுகளிலும் செருகிக்கொண்டு, அசையாமல் நின்று எடுத்திருக்கிறார். வலப்பக்கம் எழும் ஒலி வலக்காதுக்கு முதலில் வருகிறது. இடக்காதுக்கு வருவதற்குள் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தாமதம். தலை மறைப்பதால் கொஞ்சம் மங்கலும்கூட. அந்தச் சிறு வேறுபாட்டை வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. காதிலேயே மைக் வைத்து எடுத்தால் அந்த வேறுபாடும் சேர்ந்து பதிவாகிவிடும். கேட்கிறவருக்கு ஒலி தலைக்குள் இல்லாமல் எதிரே, ஓர் இடத்தில் இருப்பதாகத் தெரியும்.

"தலையைத் திருப்பாதீங்க சார், திருப்பினா ஆறும் கூடவே திரும்பிடும்" என்றார். பெரிய கலைக்கூடங்களில் இப்போது தலையசைவை உணரும் கருவி பொருத்திய ஹெட்போன்கள் வந்துவிட்டன. எப்படித் திரும்பினாலும் ஒலி தன் இடத்திலேயே நிற்கும். எங்களிடம் அது இல்லை. நேரே பார்த்தபடி நின்றேன்.

முதலில் மேலே எங்கேயோ ஒரு கசிவு. பிறகு சரிவு, பிறகு கீழே விழுந்து தேங்கும் ஓசை. கண் தானாகப் பிளவுக்குப் போய், மேலிருந்து கீழே இறங்கியது. அடிப்பகுதியில் ஆற்றங்கரைக் காட்சி ஒன்று இருக்கிறது. குளித்துக் கரையேறிய ஒருவன் துணியைப் பிழிகிறான். இன்னொருவன் தோளில் நீர்க்குடம். யானைகளின் பிரம்மாண்டத்தில் பலரும் கடந்துபோகும் இடம் அது. ஓசை கேட்டுக்கொண்டிருந்ததால் அந்தத் துணியின் முறுக்கு வரை பார்த்தேன். யாரும் எனக்கு எதையும் விளக்கவில்லை. ஆண்டு, அரசன் பெயர், பாணி எதுவும் காதில் விழவில்லை. தண்ணீர் இருந்த இடத்தை ஒலி காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். ஒரு கலைக்கூடத்தில் ஒலி செய்யக்கூடிய மிக நல்ல வேலை இதுதான் என்று அங்கே நிற்கும்போதே எனக்கு உறுதியாகிவிட்டது: படைப்புக்குச் சொந்தமாக இருந்து தொலைந்துபோனதைத் திருப்பிக் கொடுப்பது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூட்டம் ஒன்று வந்தது. கூட ஓர் உள்ளூர் வழிகாட்டி. "எல்லாரும் இங்க பாருங்க, யானைக்குப் பக்கத்துல யாரு நிக்குறா?" என்று கேட்டுவிட்டு, தானே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, கண்ணை மூடி, வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார். பிள்ளைகள் ஒரு நொடி திகைத்து, பிறகு கல்லில் அந்தப் பூனையைக் கண்டுபிடித்துக் கத்தினார்கள். தவம் செய்கிற பூனை. அதன் காலடியில் அதை நம்பி வந்த எலிகள். வழிகாட்டி குரலைத் தாழ்த்தி, "தவம் முடிஞ்சதும் என்ன ஆகும் சொல்லுங்க" என்றார். எந்தச் செயலியும் கேள்விக்குப் பின் வரும் இந்த இடைவெளியை இவ்வளவு சரியாக விடாது. படம் காட்டிக் கதை சொல்வது நம் ஊரில் பழைய தொழில். தோல்பாவைக்கூத்துக்காரர் விளக்கின் முன்னால் பாவையை ஆட்டிக்கொண்டே பத்துப் பேரின் குரலில் பேசுவார். செங்கம் வேணுகோபால பார்த்தசாரதி கோயில் இராமாயண ஓவியங்களில் காட்சிக்குக் காட்சி எழுத்து எழுதியிருக்கிறார்கள். பார்வையும் குரலும் சேர்ந்தே வந்த மரபு நம்முடையது. ஆகவே இந்தப் புதிய கருவிகளைக் கண்டு நாம் ஒதுங்க வேண்டியதில்லை. கேள்வி எல்லாம் எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது என்பதுதான்.

அளவு தப்பினால் என்ன ஆகும் என்பதும் அன்று காலையிலேயே தெரிந்தது. பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். கோவர்த்தன மலையைக் கண்ணன் தாங்கி நிற்க, கீழே ஆயர்பாடி தன் போக்கில் நடக்கிறது. ஒருவன் உட்கார்ந்து பால் கறக்கிறான். பசு திரும்பிக் கன்றை நக்குகிறது. முன்னாலுள்ள தூண் மண்டபம் விஜயநகரக் காலத்தில் சேர்த்தது. அதனால் உள்ளே இப்போது அரையிருட்டு. நண்பர் திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பால் கறக்கும் ஓசையைப் பதிவு செய்து வைத்திருந்தார். வெறும் பாத்திரத்தில் முதல் பீச்சல்கள் கணீரென்று விழுகின்றன; பால் நிறைய நிறைய ஓசை கனத்து நுரைக்குள் அடங்குகிறது. ஒலியாக அது அருமை. ஆனால் அந்தச் சிற்பத்தின் முன்னால் ஒரு நிமிடத்துக்கு மேல் கேட்க முடியவில்லை. கழற்றிவிட்டேன். அவரும் மறுக்கவில்லை. "இங்க கல்லே கறக்குது சார்" என்றார். பசுவின் கழுத்து வளைவிலும் கன்றின் நிற்பிலும் அந்த ஓசையை நம் மனத்துக்குள் எழுப்பும் வேலையைச் சிற்பி முடித்துவிட்டான். அதன் மேல் நாம் வைப்பது இரைச்சல். பிளவில் ஓடிய தண்ணீரோ, சிற்பி உண்மையாகவே வைத்து, காலம் எடுத்துவிட்ட ஒன்று.

மகிஷாசுரமர்த்தினி மண்டபத்திலும் இதே பாடம். ஒரு பக்கச் சுவரில் துர்க்கை சிங்கத்தின் மேல் பாய்ந்து வருகிறாள். எருமைத் தலையன் பின்வாங்குகிறான். எதிர்ச்சுவரில் திருமால் அனந்தசயனத்தில் கிடக்கிறார். ஒரு சுவர் முழக்கம், ஒரு சுவர் மௌனம், நடுவில் நாம். அங்கே பறையும் கொம்பும் முழங்க ஒலிபெருக்கி வைக்க யாருக்காவது தோன்றினால், தயவுசெய்து வேண்டாம்.

கடற்கரைக் கோயிலில் பதிவுக் கருவி பையை விட்டு வெளியே வரவில்லை. இராசசிம்மன் எழுப்பிய இரண்டு சிவன் சந்நிதிகளுக்கு இடையே, பாறையிலேயே செதுக்கிய திருமால் பள்ளிகொண்டிருக்கிறார். அந்தச் சிறிய இருட்டறைக்குள் அலையோசை சுவர்களில் பட்டு வருகிறது. பாற்கடலுக்கு வேறு ஒலிப்பதிவு தேவையில்லை. 2019 அக்டோபர் 11 அன்று இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இங்கே சந்தித்தபோது கோயில் முழுக்க விளக்கொளி பாய்ச்சி, முன்னால் கலாக்ஷேத்ரா கலைஞர்கள் ஆடினார்கள். தொலைக்காட்சியில் அழகாகவே இருந்தது. ஒரு நாள் விழாவுக்கு அது சரி. தினமும் மாலையில் சிற்பங்களின் மேலேயே வண்ணப் படங்களை ஓடவிடுவது வேறு விஷயம். அதை நான் ஏற்கமாட்டேன். திரையாகக் கல்லைப் பயன்படுத்தும் நேரத்தில் கல்லைப் பார்க்க முடிவதில்லை.

வெளியே வந்தால் சிற்பப் பட்டறைகள். 1957 முதல் இங்கே அரசு சிற்பக் கல்விக்கூடம் இருக்கிறது. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் 2017-இல் கிடைத்தது. ஒரு பட்டறையில் வயதான சிற்பி ஒருவர் சுத்தியலால் ஒரு கல்லை நாலைந்து இடங்களில் தட்டிக் காட்டினார். "கேளுங்க ஐயா, இது மணி மாதிரி பேசுது, ஆண்கல். அது வேற, கேட்டீங்களா?" ஓசையை வைத்தே ஆண்கல், பெண்கல் என்று பிரித்து, எதில் தெய்வ உருவம், எதில் பீடம் என்று முடிவு செய்வது சிற்ப மரபு. உள்ளே விரிசல் இருந்தால் ஓசை செத்துப்போகும். கல்லைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் பார்க்கிற தொழில் இது. ஆனால் அவர் தட்டியது எங்களுக்குக் கேட்பதற்கு, பக்கத்துக் கொட்டகையில் கிரைண்டரை நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. உளியோசை இந்தத் தெருவில் குறைந்துகொண்டே வருகிறது. எந்தக் கலைக்கூடமாவது கருங்கல் சிற்பத்தின் பக்கத்தில் ஓர் ஒலியை வைக்க விரும்பினால், முதலில் இதை வைக்கட்டும்.

மாமல்லபுரத்தை விட்டு வடக்கே போகும் வழியில் சாளுவன்குப்பத்தில் நிற்கவில்லை. கோவளம் தாண்டி முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் இறங்கினோம். 1996 டிசம்பரில் திறந்தது. டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனின் முயற்சி; லாரி பேக்கர் அமைப்பைத் திட்டமிட, பென்னி குரியகோஸ் முன்னின்று கட்டினார். தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து இங்கே திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். ஒரு நெசவாளர் வீட்டுக்குள் தறி ஓடும்போது நின்று பாருங்கள். நாடா ஓடும் சத்தமும் பலகை அடிக்கும் சத்தமும் அந்த வீட்டின் உத்தரத்துக்கு ஏற்ற மாதிரி எதிரொலிக்கின்றன. வீட்டின் அளவு ஏன் அப்படி இருக்கிறது என்பதைத் தறியோசை சொல்லிக்கொடுக்கிறது. தறி நிற்கும் நேரங்களுக்கு ஒரு பதிவு ஓடினால்கூட நல்லது என்றார் நண்பர். எனக்கு அதைவிட, நெய்கிறவருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் நாள் வேலை கொடுப்பது நல்லது என்று பட்டது. இதில் நாங்கள் ஒத்துப்போகவில்லை.

அங்கிருந்து நகரை நோக்கிப் போகும் வழியெல்லாம் பேச்சு வெளிநாட்டுப் பக்கம் போனது. 1952 ஒரு விசேஷமான ஆண்டு. ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் கலைக்கூடத்தில் பார்வையாளர் கையில் சிறு வானொலி ஏற்பியைக் கொடுத்து, ஓவியங்களைப் பற்றிய உரையை ஒலிபரப்பினார்கள். ஒலிவழிகாட்டியின் தொடக்கம் அது. அதே ஆண்டு பிரான்சின் ஷாம்போர் அரண்மனையில் முதல் ஒலி ஒளிக் காட்சி நடந்தது. ஒன்று காதோடு தனியாகப் பேசுவது. இன்னொன்று கூட்டத்தைப் பார்த்து முழங்குவது. மதுரை திருமலை நாயக்கர் மகாலில் சிலப்பதிகாரக் கதையைச் சொல்லும் காட்சி இரண்டாவதின் வழி வந்தது. நம் ஒலிவழிகாட்டிகளின் தமிழ் பெரும்பாலும் இந்த மேடை முழக்கத்திலேயே நிற்கிறது என்பது என் வருத்தம். பக்கத்தில் நின்று ஒருவர் பேசுகிற தமிழ் அதற்கு வேண்டும்.

சுவரும் தரையும் படமாக ஓடும் கூடங்கள் பிறகு வந்தவை. பாரிஸில் 2018-இல் பழைய வார்ப்படத் தொழிற்சாலை ஒன்றை அப்படி மாற்றி, கிளிம்ட் ஓவியங்களோடு தொடங்கினார்கள். 2023-இல் வான் கோ சென்னை எக்ஸ்பிரஸ் அவென்யூ வணிக வளாகத்துக்கும் வந்தார். மஞ்சள் வயல் காலடியில் அசைந்தது. பிள்ளைகள் அதன் மேல் ஓடினார்கள். சந்தோஷமான இடம், குறை சொல்ல மனமில்லை. ஆனால் வான் கோவின் சாயம் கான்வாஸில் மேடும் பள்ளமுமாக அப்பியிருப்பது. அந்தத் தடிமன்தான் அவர் கை. வெளிச்சத்துக்குத் தடிமன் கிடையாது. எதைப் பெரிதாக்கினார்களோ அது ஓவியத்தின் உருவம். விட்டுப்போனது அதன் உடம்பு.

பெரிதாக்கிக் காட்டுவதற்கென்றே காத்திருக்கும் ஓவியங்கள் நம்மிடம் உண்டு. தஞ்சைப் பெரியகோயில் கருவறையைச் சுற்றிய ஒடுங்கிய பாதையில், நாயக்கர் கால ஓவியப் படலத்துக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பாதை இருட்டு, பின்னால் நகர்ந்து முழுதாகப் பார்க்க இடமில்லை, பொதுமக்களுக்குத் திறப்பதும் இல்லை. முழு அளவில், அந்தப் பாதையின் அகலத்தையும் இருட்டையும் அப்படியே வைத்து ஒரு கூடத்தில் ஒளிப்படமாகக் காட்டினால் அது வேடிக்கை ஆகாது, சோழன் வரைந்ததை மக்களுக்குத் திருப்பிக் கொடுத்ததாக ஆகும். 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்தில் காணொளியையும் தொடுதிரையையும் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்தத் துணிவை ஓவியத்துக்கும் கொண்டுவரலாம்.

ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம். கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-இல் உருவாக்கிய ஓவியர் கிராமம். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களில் எழுத்துகள் மாதிரியே இருக்கும், படிக்க வராது. அதற்கு ஒரு குரல் வைத்தால் படிக்க வராதது என்ற அதன் உயிரே போய்விடும். அமைதியாகப் பார்த்துவிட்டுக் கிளம்பினோம்.

கடைசியாக எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851-இல் தொடங்கியது. செப்புத்திருமேனிக் கூடத்தில் நெடுநேரம் நின்றோம். இந்த அம்மனும் நடராசரும் கண்ணாடிக்குப் பின்னால் ஆடையின்றி அசையாமல் நிற்கச் செய்யப்பட்டவர்கள் அல்லர். பீடத்தைப் பாருங்கள், தண்டு கோத்துத் தூக்க வளையமும் துளையும் இருக்கும். இவர்கள் ஊர்வலம் போனவர்கள். பட்டும் பூவும் போர்த்தி, முகம் மட்டும் தெரிய, நாகசுரமும் தவிலும் முன்னே போக, தீவட்டி வெளிச்சத்தில் தோள் மேல் அசைந்து வந்தவர்கள். கனடாவின் ஜேனட் கார்டிஃப் 2001-இல் செய்த ஒலிப்படைப்பு ஒன்றில், நாற்பது குரல் பாடும் பழைய தேவாலய இசையை, ஒரு குரலுக்கு ஒன்றாக நாற்பது ஒலிபெருக்கியில் வைத்தார். கேட்பவர் அவற்றின் நடுவே நடந்து, ஒவ்வொரு பாடகரின் அருகிலும் போகலாம். அதே முறையில் ஒரு புறப்பாட்டின் மேளத்தை வைக்கலாம். நாகசுரம் ஒரு மூலையில் திரும்பி வருவதும், தவில் நெருங்குவதும், தாளம் கடந்துபோவதும் பக்கத்து அறையில் கேட்கட்டும். அங்கே ஒரு சுவரில் கோயில் புறப்பாட்டின் காணொளி ஓடட்டும். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர் இந்தத் திருமேனியின் முழங்காலையும் இடையையும் வேறு கண்ணோடு பார்ப்பார்.

பக்கத்து அறை என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். காரணம் ரோடின். இந்த அருங்காட்சியகத்திலுள்ள திருவாலங்காட்டு நடராசரை அந்தப் பிரெஞ்சுச் சிற்பி நேரில் பார்த்ததே இல்லை. சென்னை அருங்காட்சியக நடராசர்களின் புகைப்படங்களை மட்டும் வைத்துக்கொண்டு அவர் எழுதிய குறிப்புகள், அவர் இறந்த பிறகு 1921-இல் வெளிவந்தன. மேளமில்லை, தீவட்டியில்லை, பக்தியும் அவருடையது அல்ல. வெறும் உருவத்தை உற்றுப்பார்த்தே அந்த உடலின் நடனத்தைக் கண்டுகொண்டார். அந்த வாய்ப்பும் பார்வையாளருக்கு இருக்க வேண்டும். பார்வையற்ற ஒருவர் வந்தால், விரல் நுனியிலிருந்து திருவாசிச் சுடர் வரை நிதானமாகச் சொல்லும் குரலும், தொட்டுப்பார்க்க ஒரு படியும் இருக்க வேண்டும். எனக்கு இது மற்ற எல்லாவற்றையும்விட அவசரமாகத் தோன்றுகிறது.

திரும்பும் வழியில் வேலைகளைப் பிரித்துக்கொண்டோம். கிரைண்டர் ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக்கு அந்தச் சிற்பியிடம் நண்பர் நேரம் கேட்டிருக்கிறார்; ஆண்கல், பெண்கல், விரிசல் விழுந்த கல் மூன்றையும் தட்டச் சொல்லிப் பதிவு செய்யப் போகிறார். தபசுப் பாறைக்குத் தமிழில் ஓர் ஒலிவழிகாட்டி எழுதுவது என் பொறுப்பு. பேசுவதற்கு அந்தப் பூனைக்கார வழிகாட்டியையே கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் குரல் இயந்திரத்தில் ஏறினால் அவர் பிழைப்பில் கை வைத்ததாக ஆகிவிடக்கூடாது; ஒவ்வொரு முறை அது ஒலிக்கும்போதும் அவருக்கு ஒரு பங்கு சேரும்படி முதலிலேயே பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.